ஸ்லாட் கார் பாகங்களை வீட்டிலேயே அச்சிட: ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால் எது?

எங்கள் தாத்தாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. சென்னையிலேயே செய்த வண்டி, நாலு கதவு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் விற்ற ஹெரால்டு காருக்கு ரெண்டு கதவுதான், நாலு கதவு மாடல் இந்தியாவில் மட்டும்தான் வந்தது. அதை 1/32 அளவில் ஸ்லாட் காராக்கி, அதாவது டிராக்கில் உள்ள பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் குட்டிக் காராக்கி, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் ரெடிமேட் சேஸி எதை எடுத்து வைத்தாலும் பொருந்தவில்லை. அசல் காரில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே 2324 மி.மீ., அதை 32ஆல் வகுத்தால் 72.6. காரின் அகலம் 1524, வகுத்தால் 47.6. கடையில் கிடைக்கிற சேஸிகள் பெரும்பாலும் லெ மான், ஜிடி பந்தயக் கார்களுக்காகச் செய்தவை, எல்லாமே இதைவிட நீளம், இதைவிட அகலம்.

அப்படித்தான் 3டி பிரிண்டர் பக்கம் வந்தேன். வாங்குவதற்கு முன்னால் நான் தேடிய கேள்விக்கு நேரடியாக யாரும் பதில் சொல்லவில்லை. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் ஃபிலமென்ட் பிரிண்டரா, திரவத்தை ஒளியில் உறையவைக்கும் ரெசின் பிரிண்டரா, வெளியே நைலானில் செய்து வாங்குவதா, இல்லை பேசாமல் வெளிநாட்டிலிருந்து பாகங்களையே தருவிப்பதா? இரண்டு வருடம் நான்கையும் செய்து பார்த்துவிட்டதால் இப்போது சொல்ல முடிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் சாதாரண ஃபிளாட்டில் இருப்பவர், ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும், காரை அலமாரியில் வைப்பதற்கு இல்லாமல் ஓட்டுவதற்காகச் செய்கிறார் என்றால் ஃபிலமென்ட் பிரிண்டர் வாங்குங்கள். ரெசின் பிரிண்டரில் வரும் பாகம் அழகாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்லாட் காரில் அழகு வேண்டிய பாகம் வேறு, உழைக்க வேண்டிய பாகம் வேறு, இந்த இரண்டையும் ஒரே மெஷின் நன்றாகச் செய்யாது.

ஸ்லாட் கார் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. டிராக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இரு பக்கமும் மின்சாரம் வரும் உலோகப் பட்டை. காரின் மூக்குக்குக் கீழே உள்ள கைட் அந்தப் பள்ளத்தில் இறங்கி வண்டியை வழிநடத்தும், கைடில் மாட்டிய செம்புப் பின்னல், அதாவது பிரெய்ட், பட்டையிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பிரிட்டிஷ் பிராண்டு 1957இல் கொண்டுவந்தது முதல் அடிப்படை இதேதான். மோட்டார் உட்காரும் தொட்டிலுக்கு பாட் என்று பெயர். அது சேஸியில் உட்காரும், சேஸி மேல் பாடி. இவ்வளவுதான் வண்டி.

இதில் பாட்தான் பிரிண்டருக்கு உண்மையான பரீட்சை. மோட்டார் சூடாகும், அதிரும், பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன் கியரோடு மோட்டாரின் பினியன், அதாவது மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம், சரியான இடைவெளியில் பிடித்திருக்க வேண்டும், அந்த இடைவெளி ஒரு மயிரிழை மாறினாலும் சத்தம் வரும், வேகம் போகும், கடைசியில் பல் தேயும். நான் முதலில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில்தான் செய்தேன், எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், அச்சிட எளிது, விறைப்பும் நன்றாக இருக்கும். ஜனவரியில் செய்த பாட் அருமையாக ஓடியது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முக்கால் மணி நேரம் விடாமல் ஓட்டியபோது கார் திடீரென்று கரகரவென்று சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்தால் மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, பாட் இளகிப்போய்விட்டது. பிஎல்ஏ 60 டிகிரிக்கு அருகிலேயே இளக ஆரம்பிக்கும். அறையே 36 டிகிரி இருக்கிற ஊரில் மோட்டார் அதற்கு மேல் கொஞ்சம் சூடு ஏற்றினால் போதும். அதே மாதத்தில் இன்னொரு பிஎல்ஏ சேஸியை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தபோது அது நெளிந்து கிடந்தது. குளிர் நாட்டுக்காரர்கள் பிஎல்ஏ போதும் என்று எழுதுவதை அப்படியே நம்பி இறங்காதீர்கள்.

அதற்குப் பிறகு பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினேன். அது 80 டிகிரி வரை தாங்கும், பிஎல்ஏ அளவுக்கு விறைப்பு இல்லை, ஆனால் அடி வாங்கினால் உடைவதற்குப் பதில் வளைந்து கொடுக்கும். சேஸிக்கு அந்தக் குணம் நல்லதுதான், பாட் சுவரை மட்டும் கொஞ்சம் தடிப்பாகக் கொடுத்தால் சரியாகிவிடும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 100 டிகிரி தாங்கும், காகிதத்தில் பார்த்தால் அதுதான் முதலிடம். ஆனால் அச்சாகும்போது காற்று பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். சென்னையில் மே மாதம் ஃபேனை அணைத்துவிட்டு நாலு மணி நேரம் ஒரே அறையில் உட்கார முடியுமா? மூடிய பெட்டி போல வரும் பிரிண்டர் இருந்தால் தப்பிக்கலாம், அதற்கு விலை கூடும், புகை நெடியும் உண்டு, ஜன்னல் திறந்து வைக்க வேண்டும். நான் பெட்ஜியோடு நின்றுவிட்டேன், இதுவரை ஒரு பாட் கூட இளகவில்லை.

ஃபிலமென்ட் பிரிண்டரின் உண்மையான பலம் தப்பு செய்ய விடுவதில் இருக்கிறது என்பேன். ஹெரால்டு சேஸி பத்துப் பன்னிரண்டு கிராம்தான். ஃபிலமென்ட் ஒரு கிலோ ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே என்றால் ஒரு சேஸிக்கு பன்னிரண்டு ரூபாய், அச்சிட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கைட் துளை அரை மில்லிமீட்டர் பின்னால் போக வேண்டுமா, கம்ப்யூட்டரில் மாற்றி, மறுபடி அச்சிட்டு, சாப்பிட்டு வருவதற்குள் கையில் இருக்கும். நான் ஒன்பது முறை மாற்றினேன். காரைப் பட்டையோடு இழுத்துப் பிடிக்க சேஸியின் அடியில் வைக்கும் காந்தத்துக்கான குழியின் ஆழத்தை மட்டும் மூன்று முறை மாற்றினேன், ஏனென்றால் காந்தத்துக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் குறைந்தாலும் பிடிப்பு எக்கச்சக்கமாக ஏறும், அப்புறம் கார் வளைவில் வழுக்கவே வழுக்காது, ஓட்டுகிற சுகமும் போய்விடும். இந்த மாதிரி நுணுக்கத்தை வெளியே ஆர்டர் கொடுத்து ஒன்பது முறை செய்து பார்க்க யாருக்கும் பணமும் பொறுமையும் இருக்காது. கரண்ட் பற்றியும் கேட்பார்கள்: என் மெஷின் சராசரியாக 100 வாட் எடுக்கிறது, பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். துளைகள் எப்போதும் வரைந்ததைவிடச் சின்னதாக வரும். ஆக்ஸில் 2.38 மி.மீ., அதாவது அங்குலத்தில் 3/32. அதற்கு 2.4 என்று வரைந்தால் ஆக்ஸில் உள்ளேயே போகாது. ஆக்ஸிலை நேராக பிளாஸ்டிக்கில் சுழல விடவும் கூடாது, ஆக்ஸிலைச் சுற்றி உட்காரும் பித்தளை வளையம், அதாவது புஷ், போட வேண்டும், அதனால் புஷ்ஷின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து துளையை அதற்கு ஏற்ப வரையுங்கள், அச்சிட்ட பிறகு ட்ரில் பிட்டைக் கையால் திருகி அளவுக்குக் கொண்டுவந்தால் புஷ் இறுக்கமாக உட்காரும். இரண்டாவது, அடுக்கு அடுக்காக அச்சாவதால் அடுக்குகள் பிரியும் திசையில் பலம் குறைவு. சேஸியைப் படுக்கவைத்து அச்சிடும்போது அது பிரச்சினை இல்லை, ஆனால் பாடியை சேஸியோடு திருகும் தூண்கள் செங்குத்தாக நிற்கும், முதல் விபத்திலேயே அடியோடு ஒடியும். தூண்களைத் தனியாகப் படுக்கவைத்து அச்சிட்டு ஒட்டினால் ஒடியாது.

பாடியில்தான் ஃபிலமென்ட் தோற்கிறது. 0.2 மி.மீ. அடுக்கு என்பது கேட்க சின்னதுதான், ஆனால் 1/32 அளவில் அது அசல் காரின் மேல் 6.4 மி.மீ. உயரத்துக்கு ஒரு படிக்கட்டு. ஹெரால்டு பானெட் மெதுவாகச் சரியும் வளைவு, அதன் மேல் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்போது எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் கண் அங்கேதான் போகிறது. 0.1க்குக் குறைத்தாலும் 3.2 மி.மீ. படி. புட்டி போட்டு, தேய்த்து, மறுபடி புட்டி போட்டுத் தேய்த்தால் சரி செய்யலாம், நான் ஒரு பாடிக்கு மூன்று வாரம் மாலைகளைக் கொடுத்தேன், கதவு இடுக்குகளும் ஜன்னல் ஓரங்களும் அதில் மழுங்கிப் போயின.

இங்கேதான் ரெசின் பிரிண்டர் வருகிறது. திரவ ரெசினில் புறஊதா ஒளி பட்டு அடுக்கடுக்காக உறையும், அடுக்கு 0.05 மி.மீ. வைத்தால் அசல் காரில் 1.6 மி.மீ.தான், பிரைமர் அடித்ததும் காணாமல் போய்விடும். ஹெரால்டு கிரில், ஹெட்லைட் வளையம், ஸ்டியரிங், டிரைவர் தலை, சக்கரத்தின் உள்ளே வைக்கும் வட்ட மூடி, எதுவானாலும் ரெசினுக்குப் பக்கத்தில் ஃபிலமென்ட் நிற்கவே முடியாது. அம்பத்தூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், அவர் முதன்முதலில் கொடுத்த கிரில்லைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஆனால் அவருக்கு மொட்டை மாடியில் தனி அறை இருக்கிறது. இதை முக்கியமாகச் சொல்கிறேன். ரெசின் தோலில் பட்டால் ஒத்துக்கொள்ளாமல் போகும், பல தடவை பட்டால் அலர்ஜி நிரந்தரமாகவே தங்கிவிடலாம், அதனால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. நெடி உண்டு. அச்சிட்ட பாகத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும், பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும், ஆனால் லிட்டர் கணக்கில் எரியும் திரவத்தை கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கும். கழுவிய திரவத்தை சாக்கடையில் ஊற்றக் கூடாது, வெயிலில் வைத்து அதில் உள்ள ரெசினை உறையவிட்டு, அந்தக் கட்டியைத்தான் குப்பையில் போட வேண்டும். ஏசி போட்டுக் கதவைச் சாத்திய ஒரே படுக்கையறையில், குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைச் செய்யாதீர்கள் என்று தயவாகவே கேட்டுக்கொள்கிறேன். நான் ரெசின் வாங்காததற்கு முதல் காரணம் என் ஆறு வயது மகள்.

சென்னை வெயில் ரெசினுக்கு ஒரு வகையில் உதவும், இன்னொரு வகையில் கெடுக்கும். குளிர் நாடுகளில் ரெசின் கெட்டியாகி அச்சு கெடுகிறது என்று சூடாக்கி வைக்கிறார்கள், இங்கே அந்தத் தொல்லை இல்லை. கடைசியாக ஒளியில் உறுதிப்படுத்தும் வேலைக்கு மாடியில் காலை வெயில் சில நிமிடம் போதும். அளவு மீறினால் பாகம் மஞ்சளாகி மொறுமொறுவென்று ஆகிவிடும். மெஷினை ஜன்னல் ஓரம் வைத்தால் தொட்டியில் இருக்கும் ரெசினே உறைந்துபோகும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு விஷயம், சாதாரண ரெசின் உடையும். நண்பர் ஆரம்பத்தில் சேஸியையும் ரெசினில்தான் செய்தார், கண்ணாடி போல வழவழவென்று அழகாக இருந்தது, நேர்கோட்டின் முடிவில் ஒரு முறை சுவரில் மோதியதும் கைட் இருந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தது. திருகு போடும் தூணிலும் அதே கதை, திருகு இறங்கும்போதே விரிசல் விடும். ஏபிஎஸ் போல் உழைக்கும் என்று விற்கும் ரெசின் இதைவிடத் தேவலை, அதோடு வளையும் ரெசின் கொஞ்சம் கலந்தால் இன்னும் தேவலை. அவர் இப்போது பாடியை அப்படித்தான் செய்கிறார், ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பதினேழு பதினெட்டு கிராம் வருகிறது, விழுந்தாலும் பிழைக்கிறது. ஆனால் சேஸிக்கு அவரும் என்னிடம்தான் வருகிறார்.

மூன்றாவது வழி வெளியே கொடுத்து நைலானில் செய்வது. நைலான் தூளை லேசரில் உருக்கிச் செய்யும் முறை, எஸ்எல்எஸ் என்பார்கள். அந்த மெஷினை வீட்டில் வைக்கிற பேச்சே இல்லை, ஃபைலை அனுப்பினால் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. ஓட்டுகிற காருக்கு இதைவிட நல்ல சேஸி கிடையாது: எந்தத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பலம், லேசு, மோட்டார் சூட்டுக்கு அசையாது, வளைத்தால் வளைந்து திரும்பும். வெளிநாட்டு ஸ்லாட் கார்க்காரர்கள் பல வருடம் ஷேப்வேஸ் தளத்தில்தான் இப்படிச் சேஸிகளை வாங்கினார்கள், விற்றார்கள். அந்த நிறுவனம் 2024 ஜூலையில் திவால் மனு கொடுத்தபோது ஒரே இடத்தை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள், பழைய நிர்வாகிகள் பிறகு அதை மீட்டெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். வடிவமைத்த ஃபைல் நம் கையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நைலான் சேஸி சில சமயம் லேசாக முறுக்கிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம். கொதிக்கும் நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, தட்டையான கண்ணாடி மேல் வைத்து, மேலே கனமாக எதையாவது வைத்து ஆறவிட்டால் நேராகிவிடும். எனக்கு இதில் உள்ள ஒரே தயக்கம் காசும் காத்திருப்பும்தான். சின்ன பாகம் ஒன்றே ஒன்று கேட்டால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், கையில் வர ஒரு வாரமும் ஆகலாம். அதனால் ஒன்பது முறை பெட்ஜியில் தவறு செய்துவிட்டு, பத்தாவதை நைலானில் கொடுங்கள், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் கட்டணமும் பங்காகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து சேஸியே வரவழைப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை, கூரியரும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிட்டன, ஹெரால்டு அளவில் ஒன்று வரப்போவதும் இல்லை. ஆனால் சில பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தான் வேண்டும். மோட்டார், ஆக்ஸில், புஷ், பிரெய்ட், கியர். கியரை அச்சிடலாமே என்று எனக்கும் தோன்றியது. இந்தக் கார்களில் போடும் கியர் 0.5 மாடுல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்), பல் ஒன்றின் தடிமன் 0.8 மி.மீ. கூட வராது, பிரிண்டரில் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் துளை, அதாவது நாசில், 0.4 மி.மீ. இரண்டு கோடு கூட முழுதாக விழாத இடத்தில் பல்லின் வளைவு எப்படி வரும்? ரெசினில் வடிவம் அழகாக வரும், சில சுற்றிலேயே பல் கொட்டிவிடும். கைடும் அப்படித்தான், நாள் முழுக்கப் பள்ளத்தில் உரசுகிற பாகம், கம்பெனிக் கைட் விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள்.

டயர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. டிபியு என்ற ரப்பர் மாதிரி ஃபிலமென்டில் நேராக டயர் அச்சிட்டால் பிடிப்பு போதாது, அது டயருக்கு ரொம்பக் கடினம். அதற்குப் பதிலாக டயருக்கு வார்ப்பு அச்சு (மோல்டு) செய்து அதில் சிலிக்கோன் ஊற்றுங்கள். இங்கே ஃபிலமென்ட் ரெசினை ஜெயிக்கிறது: ரெசினில் செய்த அச்சில் பிளாட்டினம் வகை சிலிக்கோன் ஊற்றினால், தொடும் இடத்தில் அது உறையாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். ஃபிலமென்ட் அச்சில் அந்தப் பிரச்சினை இல்லை. அச்சின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, டயர் வந்ததும் ரிம்மில் ஒட்டி, ஓடவிட்டு உப்புத்தாளில் வட்டம் சரி பார்த்தால் போதும்.

மெஷின் விலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஆரம்ப நிலை ஃபிலமென்ட், ரெசின் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரம்பில்தான் கிடைக்கின்றன. ரெசினுக்குப் பிறகு வரும் செலவுதான் அதிகம்: கையுறை, ஆல்கஹால், வடிகட்டி, தொட்டியின் அடியில் இருக்கும் படலம். ஃபிலமென்டுக்கு வரும் தொல்லை ஈரம். அக்டோபர், நவம்பர் மழையில் திறந்து வைத்த பெட்ஜி நூல் நூலாக இழுக்கும், அச்சிடும்போதே படபடவென்று வெடிக்கும். எங்கள் வீட்டில் பழைய அரிசி டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பாக்கெட்டுகளோடு ரோல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஓடுவதைவிடப் பார்க்க அசல் மாதிரி இருப்பதுதான் எனக்கு முக்கியம் என்றும், காற்றோட்டமான தனி இடம் இருக்கிறது என்றும் சொல்பவர் தாராளமாக ரெசினை முதலில் வாங்கலாம், சேஸியை நைலானில் வெளியே கொடுத்துக்கொள்ளலாம். அதுவும் முழுமையான வழிதான். எங்களைப் போல இரண்டு பேர் ஆளுக்கு ஒரு மெஷின் வாங்கிப் பாகங்களை மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

எங்கள் அப்பா சின்ன வயதில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்கப் போனவர், 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முந்தைய காலம் அது. ஹெரால்டு பாடி இப்போது நண்பர் வீட்டில் ரெசினில் வந்துவிட்டது, தாத்தா வண்டியின் அதே வெளிர்நீலம் அடிக்க வேண்டும், அப்பாதான் நிறம் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முன் தூண் மோட்டார் ஒயரில் இடிக்கிறது என்று தெரிந்ததால் தூணை 1.5 மி.மீ. முன்னால் நகர்த்தி, இதை எழுதும்போது பத்தாவது சேஸி பக்கத்து அறையில் அச்சாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் இருபது நிமிடம் என்று காட்டுகிறது.